கரகரத்த குதிகால்: ஒரு சைக்கிள் ஓட்டியின் நிகழ்வு ஆய்வு

"சார், சைக்கிள் ஓட்டினா முட்டிதானே வலிக்கும்னு சொல்வாங்க. எனக்கு ஏன் குதிகால் நரம்பு பிடிச்சுக்குது?"

நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறார், வாரத்துக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மூன்று மாதத்தில் 200 கிலோமீட்டர் பிரவே (நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் சவாரி) ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய தூரம் அது.

அவர் நரம்பு என்று சொன்னது நரம்பு இல்லை, தசைநாண். கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு தசைகள் கீழே வரவர ஒன்றாகி, குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. உடம்பிலேயே தடிமனான தசைநாண் அதுதான். அக்கிலிஸ் என்று பெயர். அவருக்கு வலி இருந்தது வலது காலில், எலும்பிலிருந்து நாலு விரல் மேலே.

பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்த குதிகால் வலிகளில் இதை மட்டும் எடுத்து எழுதக் காரணம் இருக்கிறது. முதல் 12 நாள் நான் அவருக்குக் கொடுத்த பயிற்சி தப்பு. புத்தகப்படி சரியான பயிற்சிதான், ஆனால் அது வேறொரு வலிக்கானது. அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வலி எப்படித் தொடங்கியது

முதலில் வந்த அன்று அவர் சொன்ன கதை எளிமையாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் 140 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். ஏற்றங்கள் நிறைந்த பாதை. ஏழு மணி நேரம் பிடித்தது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கியதும் குதிகாலுக்கு மேலே பிடித்தாற்போல் இருந்தது. இரண்டு நாள் ஓய்வெடுத்தார், சரியாகிவிட்டது. திரும்ப ஓட்டினார், திரும்ப வந்தது. இப்படியே மூன்று சுற்று.

துருவிக் கேட்டபோதுதான் மீதி வெளியே வந்தது. அந்த நீண்ட சவாரிக்குப் பத்து நாள் முன்னால் சாதா பெடலை மாற்றி, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் போட்டிருக்கிறார். புது ஷூ, அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் தகடான புது கிளீட். கூட ஓட்டும் ஒருவர், "கால் நல்லா நீளணும், அப்பதான் பவர் வரும்" என்று சொல்ல, சீட்டையும் ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றிவிட்டார். பெடல், ஷூ, சீட் மூன்றும் ஒரே வாரத்தில். அதோடு வாழ்நாளிலேயே நீளமான சவாரி.

சிகிச்சைக்கு வருகிறவர்கள் யாரும் இதைப் பொய்யாக மறைப்பதில்லை. மாற்றம் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். "எதையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "கடைசியா சைக்கிளுக்கு என்ன வாங்கினீங்க?" என்று கேட்டால் முகம் மலர்ந்து பட்டியலே வரும்.

கேட்டே ஆக வேண்டியவற்றையும் கேட்டேன். பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல், பட்டென்ற சத்தத்தோடு வலி வந்ததா? இல்லை. குப்புறப் படுக்கவைத்து கெண்டைச் சதையைப் பிசைந்தபோது பாதம் தானாக அசைந்தது. தசைநாண் அறுந்திருந்தால் அது அசையாது. (அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், பயிற்சிப் பேச்சுக்கே இடமில்லை.) சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா? அந்த மாத்திரைகள் தசைநாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகக்கூடச் செய்யலாம் என்பதால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அவர் எடுக்கவில்லை. சர்க்கரை, கௌட் என்ற மூட்டு நோய், சொரியாசிஸ், குடும்பத்தில் அதிகக் கொழுப்பு எதுவும் இல்லை.

நான் சறுக்கிய இடம்

தசைநாணைத் தடவினேன். நடுப்பகுதியில் தடிப்பு, அழுத்தினால் வலி. நாற்பது தாண்டியவர், திடீரென்று பளுவைக் கூட்டியவர், எலும்பிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே வலி. நடுப்பகுதி தசைநாண் நோய் என்று மனசு அங்கேயே முத்திரை குத்திவிட்டது.

அதற்குப் பேர்போன பயிற்சி ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்டது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்ல விளிம்புக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 180. இப்படி 12 வாரம். வலித்தாலும் செய்யச் சொல்லும் முறை அது. ஓட்டக்காரர்களிடம் அது நன்றாக வேலை செய்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதையே எழுதிக் கொடுத்தேன். சைக்கிளைப் பாதியாகக் குறைத்து ஓட்டலாம் என்றும் சொன்னேன். சீட்டைப் பற்றி, "கொஞ்சம் இறக்கிப் பாருங்க" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. அவர் இறக்கவில்லை.

12 நாள் கழித்து வந்தார். நொண்டவில்லை, ஆனால் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீக்கம் கண்ணுக்கே தெரிந்தது. "ஒரு நாள்கூட விடாம செஞ்சேன் சார்" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

மறுபடி முதலிலிருந்து

இரண்டாவது தடவை நான் செய்த முதல் வேலை, ரெண்டு விரலை தசைநாணின் மேல் லேசாக வைத்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னது. விரலுக்கு அடியில் கரகரவென்று உணர்ந்தேன். உப்புத்தாளைத் துணிமேல் மெதுவாகத் தேய்த்தால் கையில் தெரியுமே, அப்படி. அவர் விரலையும் வைக்கச் சொன்னேன். "அட, இது போன மாசமே இருந்துது சார். சாக்ஸ் உரசுதுன்னு நினைச்சேன்."

அடுத்து, தடிப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவிட்டுப் பாதத்தை ஆட்டவைத்தேன். தடிப்பு தசைநாணுக்குள் இருந்தால், தசைநாண் நகரும்போது அதுவும் கூடவே மேலும் கீழும் போகும். இவருக்குத் தடிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. தசைநாண் அதற்குள்ளே வழுக்கிப் போய்வந்தது.

அதாவது, நோய் நாணில் இல்லை. நாணைச் சுற்றியிருக்கும் சவ்வில். கைவிரல் தசைநாண்களுக்கு இருப்பதுபோல் வழுவழுப்பு நீர் நிறைந்த முழு உறை அக்கிலிஸுக்குக் கிடையாது. பாராடெனான் என்ற மெல்லிய சவ்வுதான் அதைச் சுற்றியிருக்கிறது. நாண் அதற்குள் ஓயாமல் அசைந்து உரசினால் அந்தச் சவ்வு வீங்கி, ஒட்டலாகி, கரகரக்கும்.

இது தெரிந்ததும் முதல் சந்திப்பில் என் குறிப்பேட்டில் நானே எழுதியிருந்த இரண்டு வரிகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. ஒன்று: "ஒற்றைக் காலில் 10 முறை குதித்தார், வலி 10க்கு 2." நாணே நோய்ப்பட்டிருந்தால் குதிப்பதுதான் அதிகம் வலிக்க வேண்டும். இன்னொன்று: "ஓட்ட ஓட்ட ஏறுகிறது." நாண் நோயில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். தொடக்கத்தில் வலிக்கும், சூடேறியதும் அடங்கும், மறுநாள் காலை வட்டியோடு வரும். பளு வைத்தால் வலிக்காமல், அசைவு கூடக்கூட வலித்தால் முதலில் சவ்வைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் கையால் எழுதிவிட்டுக் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன்.

எதற்கும் மருத்துவரிடம் அனுப்பி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். நாணின் இழைகள் ஒழுங்காக இருந்தன. சுற்றிலும் நீர், சவ்வு தடித்திருந்தது.

சைக்கிள் ஏன் இதைச் செய்கிறது

சைக்கிள் மிதிப்பதில் இந்த நாணின் மேல் விழும் பளு ஆச்சரியமாகக் குறைவு. 1987இல் ராபர்ட் கிரகோர், பாவோ கோமி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் உயிருள்ள மனிதரின் அக்கிலிஸைச் சுற்றி அறுவை செய்து ஒரு சின்ன அளவுக் கொக்கியை மாட்டி, சைக்கிள் மிதிக்கவைத்து அளந்தார்கள். உச்சத்தில்கூட 700 நியூட்டனைத் தாண்டவில்லை. 70 கிலோ ஆள் சும்மா நிற்கும்போது தரையில் அழுத்தும் எடை அளவுதான் அது. அதே முறையில் ஓடுவதை அளந்தபோது கோமிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 9,000 நியூட்டன்.

ஆனால் எண்ணிக்கை? இவர் பெரிய கியரைப் போட்டு மெதுவாக மிதிக்கும் ஆள், நிமிடத்துக்கு 65 சுற்று. ஏழு மணி நேரத்துக்கு 27,300 தடவை அந்தக் கணுக்கால் மேலும் கீழும் போய்வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் போய்வந்தது என்பதுதான் கேள்வி.

அவருடைய சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஏற்றிப் பக்கவாட்டில் போனை வைத்துப் படம் பிடித்தோம். பெடல் அடியில் போகும்போது பாதத்தின் நுனி எட்டிப் பிடிப்பதுபோல் கீழ்நோக்கி நீண்டது, குதிகால் தூக்கிக்கொண்டது. பெடல் மேலேறி முன்னால் வரும்போது குதிகால் தொப்பென்று கீழே போனது. படத்தை நிறுத்தி நிறுத்தி அளந்ததில் கணுக்கால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 டிகிரி ஆடியது. பெடலை அடியில் நிறுத்திவிட்டு முழங்காலை அளந்தேன். 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டிய இடத்தில் 18தான் இருந்தது. சீட் உயரம். எட்டாத காலுக்கு, எட்டும் வேலையைக் கணுக்கால் செய்துகொண்டிருந்தது.

கிளீட்டும் கூட்டுச் சதி. கடையில் பூட்டிக் கொடுத்தபடி விரல்களை ஒட்டி முன்னால் இருந்தது. சாதா பெடலில் அவர் பாதத்தின் நடுப்பகுதியை வைத்தே ஆறு வருடம் மிதித்திருக்கிறார். கிளீட் முன்னால் போகப் போக நெம்புகோல் நீளும். குதிகாலை நிலையாகப் பிடிக்கக் கெண்டைச் சதை அதிகம் உழைக்க வேண்டும். சதை களைத்ததும் குதிகால் ஆட ஆரம்பிக்கும்.

படிக்கட்டுப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே பதில். 27,300க்குப் பக்கத்தில் 180 ஒன்றும் பெரிய எண் இல்லைதான். ஆனால் ஒவ்வொன்றும் முழு உடம்பு எடையோடு, கணுக்காலை அதன் கடைசி எல்லைவரை இழுத்தது. வீங்கியிருக்கும் சவ்வுக்கு அது தேவையே இல்லாத வேலை. அதுபோக, காலையில் அவர் சொந்த யோசனையில் கெண்டைக்காலை இழுத்து நீட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

என்ன செய்தோம்

பத்து நாள் சைக்கிள் கிடையாது. அவருக்கு அது கசந்தது. ஆனால் கால் முழு ஓய்வில் இல்லை. இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் பட்டை வைத்து நடக்கச் சொன்னேன். நடையில் கணுக்கால் அதிகம் மடங்காமல் இருக்க. இழுத்து நீட்டுவது எல்லாம் நிறுத்தம். பயிற்சி என்று ஒன்றே ஒன்று: குதிகாலைப் பாதி உயரத்துக்குத் தூக்கி அசையாமல் 45 விநாடி நிற்பது, ஐந்து முறை, காலையும் மாலையும். சதைக்கு வேலை உண்டு, நாண் உரசாது. மருத்துவர் ஒரு வாரத்துக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். நாண் நோயாக இருந்திருந்தால் அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது. சவ்வு வீக்கத்தில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். நாணின் பக்கத்தில் அந்த ஊசி போடுவது அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டக்கூடியது. வேண்டாம் என்பதில் மருத்துவரும் நானும் ஒரே பக்கம்.

இந்தப் பத்து நாளில் சைக்கிளைச் சரிசெய்தோம். கிளீட்டை 9 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினோம். அப்படித் தள்ளினால் கால் பெடலுக்கு மேல் இன்னும் முன்னால் போகிறது, அதற்கேற்ப சீட்டை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீட்டை முதலில் ஒரு சென்டிமீட்டர், கிளீட்டுக்காக இன்னொரு அரை. முழங்கால் 28 டிகிரிக்கு வந்தது. திரும்பப் படம் பிடித்ததில் கணுக்கால் ஆட்டம் 25 டிகிரிக்குள் அடங்கிவிட்டது.

மிதிவேகத்தில்தான் எனக்குக் குழப்பம். வழக்கமாகக் குதிகால் வலிக்காரரிடம் சின்ன கியரில் வேகமாக மிதியுங்கள், 90 சுற்றுக்குப் போங்கள் என்று சொல்வோம். ஒவ்வொரு மிதிக்கும் பளு குறையும். ஆனால் இவருக்குப் பளு பிரச்சினையே இல்லை, எண்ணிக்கைதான். 65ஐ 90 ஆக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 1,500 தடவை கூடுதலாக உரசும். 75க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டோம். கியரை இறக்கியது களைப்பைக் குறைக்க, களைப்பைக் குறைத்தது குதிகால் ஆடாமல் இருக்க.

திரும்ப ஓட்ட ஆரம்பித்ததற்கு ஒரே விதி. காலையில் எழுந்ததும் ரெண்டு விரலை வைத்துப் பாதத்தைப் பத்து முறை ஆட்ட வேண்டும். கரகரத்தால் அன்று சைக்கிள் கிடையாது. வலி எண்களைவிட இது நம்பகமாக இருந்தது. ஓட்ட ஆசைப்படும் ஆள் வலி 3 என்பதை 1 என்று சொல்லிவிடுவார். விரலிடம் அந்தப் பேச்சு நடக்காது.

11ஆம் நாள் ட்ரெய்னரில் 15 நிமிடம். மூன்றாவது வாரக் கடைசியில் காலைக் கரகரப்பு நின்றது. அப்புறம் வெளியே, சமதரையில், 20 கிலோமீட்டர்.

அதன்பிறகு பளு. சவ்வுதானே நோய், பளு எதற்கு என்று அவரும் கேட்டார். வலியில்லாத இடது காலில் ஒற்றைக்காலாகக் குதிகாலைத் தூக்கச் சொன்னபோது 17க்கு மேல் அவரால் முடியவில்லை. பொதுவாக 25 எதிர்பார்ப்போம். ஆறு வருட சைக்கிளோட்டம் இதயத்தையும் தொடையையும் வளர்த்திருக்கிறது. 700 நியூட்டனுக்குக் குறைவான வேலையையே பார்த்துப் பழகிய கெண்டைச் சதைக்குப் பெரிதாக எதுவும் தரவில்லை. அந்தச் சதைதான் நூறாவது கிலோமீட்டரிலும் குதிகாலைப் பிடித்து நிறுத்த வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், தரையில் நின்றும் உட்கார்ந்தும், மெதுவாக, எடை சேர்த்துக் குதிகால் தூக்கல். விளிம்புக்குக் கீழே இறக்கல் கிடையாது. 15 முறை தூக்கமுடிகிற எடையில் ஆரம்பித்து, வாரம் போகப் போக 6 முறை மட்டுமே முடிகிற எடைக்கு வந்தார்.

ஏழாவது வாரம்

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. "சார், திரும்பக் கரகரங்குது." ஞாயிறு ஓட்டியது 60 கிலோமீட்டர்தான், அதற்கு முந்தைய வாரம் அதைவிட அதிகம் ஓட்டியிருந்தார். புது ஷூ இல்லை, ஏற்றம் இல்லை. சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னேன். சீட்டுத் தண்டை அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது.

சனிக்கிழமை சர்வீஸுக்கு விட்டிருக்கிறார். சீட்டுத் தண்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு, கண்ணளவில் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

அவருக்கு எரிச்சல். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நேரத்தில் கிளீட், சீட், கியர், பளு, மாத்திரை என்று அத்தனையையும் மாற்றிய சிகிச்சையில் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்லமுடியாது. இங்கே கிளீட் மாறவில்லை, கியர் மாறவில்லை, சதை முன்பைவிட வலுவாகவே இருந்தது. சீட் மட்டும் ஏறியது, மறுநாளே கரகரப்பு வந்தது. நான் திட்டம் போட்டுச் செய்யத் துணியாத சோதனையை சர்வீஸ் கடை செய்து கொடுத்துவிட்டது. ஒரு ஆள், ஒரு தடவை; இதை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுதமுடியாது. இவருடைய காலைப் பொறுத்தவரை எனக்கு இது போதும்.

சீட்டை இறக்கினோம். ஐந்து நாளில் அடங்கியது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வலி இன்னும் கீழே, குதிகால் எலும்பில் நாண் பிடிக்கும் இடத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே உரசலைவிட நசுங்கல்தான் பெரும்பாலும் வில்லன். ஷூவின் பின்விளிம்பு அழுத்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாணின் நடுவிலேயே நோய் இருந்தால் நான் முதலில் கொடுத்த பயிற்சியோ, எடை சேர்த்த மெதுவான தூக்கலோ சரி. 10க்கு 5 வரை வலியைப் பொறுத்துக்கொண்டு, மறுநாள் காலைக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே விளையாட்டைத் தொடரலாம் என்று கரின் சில்பர்நாகல் ஆய்வுக் குழு 2007இல் காட்டிய வழியும் அவர்களுக்குப் பொருந்தும். மூன்றுமே குதிகால் வலிதான். மூன்றையும் பிரிப்பதற்கு ரெண்டு விரலும் ஐந்து நிமிடமும் போதும். நான் அன்று அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்தேன்.

பெயர் கொடுத்திருந்த பிரவேயை அவர் விட்டுவிட்டார். 12ஆவது வாரத்தில் வலது காலில் 24, இடது காலில் 26 தூக்கினார். அதற்கு இரண்டு மாதம் கழித்து வேறொரு 200ஐ 11 மணி 40 நிமிடத்தில் முடித்தார். மறுநாள் காலை ஒரு படம் அனுப்பினார். அவர் கால் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். சீட்டுத் தண்டு. அதைச் சுற்றி சிவப்பு டேப் இரண்டு சுற்று, டேப்பின் மேல் மார்க்கரில் "தொடாதே". கீழே ஒரு வரி: "விரல் வெச்சுப் பாத்துட்டேன் சார், சத்தமே இல்ல."